கட்டைவிரல் எட்டும் உயரம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. ஆயர் குரோவில் ஓர் ஆபீஸ், கைப்பேசிச் செயலிகள் செய்கிறோம் என்பேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். கைப்பேசித் திரையின் அடியில் ஒரு பட்டை இருக்குமே, முகப்பு, தேடல், கூடை என்று நாலைந்து பட்டன்கள் வரிசையாக நிற்குமே, அதற்கு ஆபீஸில் நேவிகேஷன் பார் என்று பெயர். அந்தப் பட்டை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்ட கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போய் யாரிடம் வேலை என்று சொல்வது?

சண்டை எப்போதும் குறைப்பதற்காகத்தான். பட்டை ஒல்லியானால் மேலே இன்னொரு வரிசைப் பொருளைக் காட்டலாம், இன்னும் கொஞ்சம் விற்கும். திரையை வரைந்து தரும் பெண் என் மேசைக்கு வந்து, "புரோ, பார் ரொம்ப உயரம்லா, பாக்க அசிங்கமா இருக்கு" என்பாள். வழக்கமான உயரம் ஐம்பத்தாறு. அது சென்டிமீட்டரும் இல்லை, இஞ்சும் இல்லை, திரைக்கென்று உள்ள ஓர் அளவு. நாங்கள் எழுதுவதில் ஒரு வரி, அந்த வரியில் ஓர் எண். அவள் சொன்னபடி நானும் முனகிக்கொண்டே குறைத்துக் கொடுப்பேன். அதே நாள்களில்தான் சிம்பாங் அம்பாட்டில் என் அக்கா வீட்டில் உட்கார்ந்து அதே எண்ணைக் கூட்டிக்கொண்டும் இருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். சிம்பாங் அம்பாட் முச்சந்தியில் காலையில் நாசி லெமாக்கும், அதாவது மிளகாய்ச் சம்பல் வைத்த தேங்காய்ப்பால் சோறும், வடையும் போட்டு விற்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அக்கா வாயாலேயே பிழைத்தவள். வடை வாங்க வந்தவனின் மாமியாருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "சரி, போய்ட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் அந்த ஆள் மோட்டாரில் ஏறலாம்.

வீட்டிலும் அதே சட்டம். அவள் காதுபட யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "எங்கடா போற? வாயக் கழுவு. போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று வாசலிலிருந்து திரும்ப உள்ளே இழுத்துவிடுவாள். நாம் அப்படிச் சொன்னால் மட்டும் போதாது. அவள் அடுப்படியில் இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், "சரி, போய்ட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வர வேண்டும். அந்தக் குரல் வருமுன் கேட்டைத் திறந்தால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசே ஆறாது. மச்சான், அதாவது அவள் புருஷன், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்புகிற மனுஷன். அவரையும் அப்படித்தான் அனுப்பி வைப்பாள், அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து.

முதலில் சம்பல் கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது. பிறகு சில்லறை எண்ண முடியாமல் போனது. பிறகு நாக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் என்றார்கள். மூளை சொல்வதைக் கைகாலுக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருமாம், மருந்து கிடையாதாம், புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகாதாம். அந்தக் கடைசிச் செய்தியை டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே, ஒன்றும் சொல்ல முடியாமல் படுத்துக் கிடப்பதற்கு என் அக்காதானா கிடைத்தாள்?

பேச்சு முழுதாகப் போகுமுன் அவள் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் வீட்டு அடுப்படியில் வைத்துப் பதிவு செய்தேன். தண்ணி வேணும். திருப்பிப் படுக்க வைங்க. டிவி போடுங்க. இங்க வாங்க. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை சொல்லச் சொன்னேன். அதற்குள்ளேயே நாக்கு கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது.

"எத்தன வாட்டிடா சொல்றது? நான் என்ன ரேடியோவா?" என்று கத்தினாள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

முடித்துவிட்டேன் என்று நான் எழுந்தபோது, "என்னடா முடிஞ்சிச்சி? போய்ட்டு வாங்கன்னு சொல்ல வேணாமா? வீட்டுக்கு வர்றவங்கள அடிச்சா தொரத்த முடியும்?" என்று கேட்டாள். மறுபடி உட்கார்ந்து அதையும் பதிவு செய்தேன். அவள் அதை மட்டும் ஒரே முறையில் சரியாகச் சொன்னாள்.

அந்தச் செயலியை அவளுக்காகவே செய்தேன். உலகத்தில் அதைப் பயன்படுத்துகிறவர் ஒரே ஓர் ஆள். அதற்குள் கைகளில் மிச்சம் இருந்தது வலது கட்டைவிரல்தான். அவள் கைக்குள் கைப்பேசியைச் சாய்த்து வைத்தால் அந்த விரல் திரையின் அடிப்பகுதிக்கு மட்டும் எட்டியது. அதனால் சொற்கள் அத்தனையையும் கீழே உள்ள பட்டையிலேயே வைத்தேன். ஐந்து பட்டன், ஐந்து சொல். தொட்டால் அவள் குரலிலேயே பேசும். மேலே திரை காலியாகக் கிடந்தது. அங்கே மாதா படத்தை வைக்கச் சொன்னார் மச்சான். வைத்தேன். எந்நேரமும் அவள் கைக்கு எட்டும்படி இருக்கவேண்டுமே என்று திரை அணையாமல், பூட்டிக்கொள்ளாமல் இருக்கவும் வழி செய்தேன். பட்டையின் உயரத்தை மட்டும் தொடவில்லை. ஆபீஸ் பழக்கம், ஐம்பத்தாறிலேயே விட்டுவிட்டேன்.

அதன் லட்சணம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. மாதா கோவிலில் பாட்டுப் பாடும் சித்தி ஒருவர் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். ஜெபமெல்லாம் சொல்லி முடித்து எழுந்து, "சரிம்மா, போய்ட்டு வரேன்" என்றார். அக்காவின் விரல் பட்டனை நோக்கிப் போனது, வழுக்கித் திரையின் விளிம்பில் இழுபட்டது. கீழ் விளிம்பில் விரல் அப்படி இழுபட்டால் கைப்பேசி செயலியை ஓரங்கட்டிவிடும். குரல் வரவில்லை. அக்கா கண்ணை உருட்டினாள். சித்தி என்ன நினைத்தாரோ, "சரி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் செயலியைத் திரும்பத் திறந்து கொடுத்தேன். மறுபடி எழுந்தார், மறுபடி விரல் வழுக்கியது, மறுபடி உட்கார்ந்தார். மச்சான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே இருந்தார். சித்தி மூன்றாவது குவளையைக் குடித்துவிட்டு, "ஏம்ப்பா, என்ன போகச் சொல்ல மனசில்லியா ஒங்கக்காவுக்கு?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பட்டையை எண்பதுக்கு உயர்த்தினேன். பட்டனுக்கு அடியில் விரல் வழுக்கினாலும் ஒன்றும் ஆகாதபடி கொஞ்சம் வெற்றிடமும் விட்டேன். சித்தி நாலாவது முறை எழுந்தார். "சரி, போய்ட்டு வாங்க" என்றாள் அக்கா. சித்தி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

எண்பது அதிக நாள் நிற்கவில்லை. விரல் துவளத் துவள நூறாக்கினேன், நூற்றிருபதாக்கினேன். உயரம் மட்டும் போதாது, பட்டன்கள் அகலமாகவும் வேண்டும், இல்லையென்றால் தண்ணியைத் தொடப்போய் டிவி போட்டுவிடுவாள். அகலம் வேண்டுமென்றால் பட்டையிலிருந்து ஒரு சொல் வெளியே போக வேண்டும். எந்தச் சொல் என்று அவளிடம் கேட்டுத்தான் எடுப்பேன். கண்ணை மூடினால் சரி. மூடாமல் முறைத்தால் வேண்டாம். சின்ன வயதில் என்னை நடுங்க வைத்த அதே முறைப்பு.

முதலில் டிவி போனது. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு, திருப்பிப் படுக்க வைங்க. அதை மச்சானே நேரம் பார்த்துச் செய்யப் பழகியிருந்தார். பிறகு வயிற்றில் குழாய் வைத்தார்கள், பாலும் தண்ணியும் அதன் வழியாகத்தான். அன்றைக்குத் தண்ணியை எடுக்கவா என்று நான் கேட்க வேண்டியிருந்தது. ஒரு மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது? அக்கா அமைதியாகக் கண்ணை மூடித் திறந்தாள்.

பட்டை ஏற ஏற, மேலே மாதா படம் அடியிலிருந்து மறைந்துகொண்டே வந்தது. பாதம் போனது, இடுப்பு போனது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாதாவ முழுங்கிட்டே வர்ற" என்றார். இன்னும் கொஞ்சம் ஏத்தணும் மச்சான், என்ன செய்ய என்றேன். "ஏத்து ஏத்து. தலைக்கு மேல வெள்ளம் போன பெறகு சாண் போனா என்ன, மொழம் போனா என்ன" என்று சொல்லிவிட்டு வெளியே போய் லோரியின் சக்கரத்தைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு சொல் மிச்சம் இருந்தது. இங்க வாங்க, ஒன்று. போய்ட்டு வாங்க, ஒன்று. திரையில் பாதிக்கு மேல் பட்டை வந்துவிட்டது. விரல் அசைவது இப்போது கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் நகரவே முடியவில்லை. எந்தப் பட்டனுக்கு நேராக விரலை வைத்தோமோ அதுதான். இனிமேல் திரை முழுக்க ஒரே பட்டன்தான் வைக்க முடியும் என்று அவர்களிடம் சொன்னேன்.

"கூப்புடுறதுதான் வேணும். இதுல என்ன கேள்வி?" என்றார் மச்சான்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சளி அடைத்தால் அவளால் இருமக்கூட முடியாது. ஆனாலும் வழக்கப்படி அவளைக் கேட்டேன். இங்க வாங்க வைக்கவா அக்கா? முறைத்தாள். புரியவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடி முறைத்தாள். அப்போ போய்ட்டு வாங்கவா? கண்ணை மூடினாள். மெதுவாக, நன்றாக அழுத்தி மூடினாள்.

மச்சானுக்கு வந்ததே கோபம். "பைத்தியமாடி ஒனக்கு? நான் அடுப்படியில இருக்கேன், மூச்சு அடச்சிக்கிச்சின்னா என்னடி பண்ணுவ? யார அனுப்பி வச்சி என்ன ஆவப் போவுது? வந்தவன் போவத் தெரியாமலா நிக்கிறான்?" அவர் அவளை 'டி' போட்டு நான் கேட்டதே இல்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. காலையில் அவரை அனுப்பி வைக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

அவர் தரையில் உட்கார்ந்தார். "சரி, அதையே வச்சித் தொல" என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "யாரும் கெளம்பாத நேரத்துல நீ இத தொட்டின்னா நான் ஓடி வந்துர்றேன். செரியா?" அவள் கண்ணை மூடினாள். நான் உயரத்தைத் திரை அளவுக்கு மாற்றினேன். மாதா முழுவதும் மறைந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் எத்தனை முறை போனாலும் அந்தக் குரல் கேட்டுத்தான் கிளம்பினேன். "என்னக்கா, எனக்கும் 'வாங்க'வா? இப்பதான் மரியாதை தெரிஞ்சிச்சா?" என்று சீண்டுவேன். அவள் முகத்தில் எதுவும் அசையாது. கண்ணில் மட்டும் சிரிப்பு தெரியும். விரல் அழுத்துவதற்கு முன்பெல்லாம் ஒரு நொடி போதும். இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. நின்றேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. என் அவசர புத்திக்கு அது பெரிய விஷயம்.

அவள் இறந்தது ஒரு வேலை நாளில். காலையில் மச்சான் வழக்கம்போல் கிளம்பினார். குரல் வரும்வரை கேட்டருகே நின்றாராம். வந்ததாம். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், வந்து உட்கார்ந்திருந்தார். மச்சான் எண்ணெய் மில்லில் குலையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மக்சிக் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறை. என்னைப் பார்த்ததும், "என்ன அனுப்பி வச்சிட்டு, அவ சொல்லிக்காம போய்ட்டா தம்பி" என்றார். அழவில்லை. பெட்டிக்குச் சொல்லியாச்சா, ஃபாதருக்குச் சொல்லியாச்சா என்று எழுந்து காரியம் பார்க்கப் போய்விட்டார்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. போய்ட்டு வரேன் என்று சொன்னால் சாவும் கூடவே அந்த வீட்டுக்குத் திரும்பி வரும் என்று பயம். நாங்கள் வேதக்காரர்கள்தான், பூசை, ஜெபமாலை எல்லாம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் இந்துக்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அடக்கம் முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து பேசாமல் போனார்கள். வடை வாங்கினவர்கள், கோவில் ஆட்கள், அந்தச் சித்தி. கேட் திறக்கும், மூடும். ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பேசாமல் காரில் ஏறினேன். நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அடுத்த வாரம் மச்சான் போன் செய்தார். "தம்பி, அக்கா ஹேன்போன் லோரில பேசுதுப்பா" என்றார். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். வேலைக்குத் திரும்பியிருந்தார், அவள் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. திரைதான் அணையாதே. முழுத் திரையும் பட்டன். பெல்ட்டு உரசினாலும், அவர் குனிந்தாலும் பேசும்.

"லோரிய எடை போடுற தராசுல நிக்கிறேன். மில்லுக்காரன் எடைச் சிட்டு நீட்டுறான். பையிலேருந்து 'சரி, போய்ட்டு வாங்க'ங்குது. அவன் சிரிக்கிறான்லா."

"செயலிய மூடி வச்சிடுங்க மச்சான்."

"மூட மனசு வரலப்பா. அந்தப் பட்டய மட்டும் சின்னதாக்கிக் குடு. ஒங்க ஆபீசுல சின்னதாக்குறதுதானே வேலன்னு சொல்லுவ."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவர் கிளம்புமுன் போய்ச் சேர்ந்தேன். வீடு துடைத்துச் சுத்தமாக இருந்தது. கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியைத் தேடினேன். விரல் வர மறுத்தது. அவ்வளவு நாளும் ஏற்றியே பழகிய எண். ஒருவழியாக ஐம்பத்தாறு என்று அடித்துக் கைப்பேசியில் ஏற்றினேன். பட்டை சரசரவென்று கீழே இறங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மாதா படம் தலையிலிருந்து பாதம்வரை முழுதாகத் தெரிந்தது. மச்சான் கைப்பேசியை வாங்கி, படத்தைக் கட்டைவிரலால் தொட்டு, விரலை முத்தமிட்டுவிட்டுச் சட்டைப் பையில் போட்டார்.

கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். குனிந்து காலுறை போட்டார். பையை உள்ளங்கையால் தட்டினார். ஒன்றும் இல்லை.

"பேசல" என்றார்.

"ஆமா மச்சான். இனிமே சும்மா சும்மா பேசாது."

அவர் இன்னொரு முறை தட்டினார். பிறகு கையை அங்கேயே வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். "பேசலியே தம்பி" என்றார். "அவ பேசலியே." அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டி இறங்கும்போது அழாத மனுஷன், அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்ற மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஓவென்று அழுதார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். பக்கத்து வீட்டு மக்சிக் கேட்டுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு, "பழையபடியே ஆக்கிடு" என்றார். "சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான்."

ஆக்கிக் கொடுத்தேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு லோரிச் சாவியை எடுக்க மேசைப் பக்கம் குனிந்தார்.

"சரி, போய்ட்டு வாங்க" என்றாள் அக்கா.

முப்பதாம் நாள் பூசைகூட முடியாத வீடு. மச்சான் நிமிர்ந்து, அந்த வீடு முழுக்கக் கேட்கும்படி, "போய்ட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.